பதினோரு வீட்டு நம்பர்

சுப்பையாவின் போன் அடித்தால் ஒன்றோடு நிற்காது. பதினோரு தடவை அடிக்கும். ஒன்றை முடித்துச் சட்டைப்பையில் போடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். பார்க்கிறவர்கள் இவன் ஏதோ பெரிய காண்ட்ராக்டர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆள் பெயின்ட் அடிக்கிறவன். மைசூர் விஜயநகர் நாலாவது ஸ்டேஜில் நான் இஸ்திரி வண்டி போட்டிருக்கிற மரத்துக்கு எதிரே ஒரு மூன்று மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. போன ஆனியிலும் ஆடியிலும் அதன் சாரத்தில்தான் தொங்கிக்கொண்டு கிடந்தான்.

அந்தப் பதினோரு அழைப்பும் உண்மையில் ஒரே சேதிதான். காவிரியும் கபினியும் ஒன்றாய்க் கலந்து கொள்ளேகால் பக்கம் இறங்குகிற ஆற்றுக்கு நடுவில் ஈச்சந்திட்டு என்று ஒரு திட்டு இருக்கிறது. பதினோரு வீடு, எல்லாம் நம் தமிழ் ஜனம். கொஞ்சம் ராகி, கொஞ்சம் மஞ்சள், மிச்சமெல்லாம் மல்பெரி. பட்டுப்புழு வளர்ப்புதான் பிழைப்பு. கரைக்கு வரவேண்டும் என்றால் பரிசல் ஏற வேண்டும். சுப்பையாவின் அக்காள் நாச்சம்மாளை அங்கே கரியப்பனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு தம்பியைத் தன்னோடு கூட்டிப்போய் வைத்து, படிக்க வைத்து, சொர்ணலதாவைப் பார்த்துக் கட்டி வைத்தது வரைக்கும் எல்லாம் அந்த அம்மாள் செய்ததுதான்.

அணையில் தண்ணீர் திறந்தால் திட்டுகளில் இருக்கிறவர்களுக்கு முன்கூட்டியே போனில் சொல்வதற்கென்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. ஸ்வாதி என்று ஒரு பெண். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழைக் கன்னடத்தில் தொட்டுக்கொண்டு பேசுவாள். நல்ல பிள்ளை, அதை மறைக்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு நம்பர் கொடுங்கள் என்று கேட்டாள். திட்டில் போன் உண்டு, டவர் கிடையாது. கரியப்பன் வீட்டுப் புழுக்கொட்டகையின் மூலைக் கம்பத்தில் ஒரு ஆணி இருக்கிறது. அதில் மாட்டி வைத்தால் இரண்டு கோடு வரும், எடுத்துக் காதில் வைத்தால் ஒரு கோடாகிவிடும். சோதனைக்கு அழைத்தபோது பேச்சு பாதியில் அறுந்தது. சேதி கேட்டாயிற்று என்பதற்கு அடையாளமாக ஒன்றாம் நம்பரை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் அது விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும், அவள் கையிலிருக்கிற டேப்லெட்டில் அந்த வீடு சிவப்பாகவே நிற்கும். எடுக்கிற நம்பராகக் கொடுங்கள் என்று அந்தப் பெண் கெஞ்சினாள். நாச்சம்மாள் தம்பியின் நம்பரைக் கொடுத்தாள். அதைப் பார்த்து மிச்சம் பத்து வீடும் அதையே கொடுத்தது. பையன் கன்னடம் படித்தவன், டவுனில் இருக்கிறவன், எப்போதும் சார்ஜ் வைத்திருப்பான். அவனுக்குச் சேதி வந்தால் ஆணியில் தொங்குகிற போனுக்கு ஒரு வார்த்தை சொல்லுவான், கரியப்பன் பத்து வீட்டுக்கும் குரல் கொடுப்பார். ஏற்பாட்டில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

இன்னொன்றும் கேட்டு வாங்கினார்கள். அந்தச் சேதி முதலில் வணக்கம் சொல்லும், நிறுவனத்தின் பெயரைச் சொல்லும், அணையின் பெயரைச் சொல்லும், ஆற்றில் இறங்காதே, ஆடு மாட்டை அவிழ்த்துவிடு என்று ஒரு பாட்டம் பாடிவிட்டுக் கடைசியில்தான் எத்தனை கன அடி என்று சொல்லும். திட்டுக்காரர்களுக்கு வேண்டியது அந்த ஒரு எண்தான். லட்சத்துக்குள் வந்தால் கீழ்க்காடு நனையும், லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்குள் வரும். இது அவர்கள் கண்ணால் பார்த்து வைத்திருக்கிற கணக்கு. எண்ணை முன்னால் சொல்லச் சொல்லம்மா, மிச்சம் எங்களுக்குத் தெரியும் என்று கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். அவளும் பாவம், மேலே பேசி மாற்றிக் கொடுத்தாள். போனை எடுத்ததும் எண் வந்துவிடும். சுப்பையா எண்ணைக் கேட்பான், ஒன்றை அமுக்குவான். பதினோரு முறை.

முதல் வருஷம் எந்த எண் வந்தாலும் அவன் பயந்துகொண்டு சொல்லிவிடுவான். போன ஆனியில் ஒரு தடவை அறுபதாயிரம் என்று வந்தது. சாரத்திலிருந்து இறங்கி ஓடிவந்து, என் வண்டிப் பக்கத்தில் நின்றுதான் திட்டுக்குப் போன் போட்டான். திட்டே கிளம்பிக் கரையிலிருக்கிற பள்ளிக்கூடத்தில் போய் இரண்டு நாள் குந்தியிருந்தது. தண்ணீர் கீழ்க்காட்டை நனைத்துவிட்டு இறங்கிப் போயிற்று. ஆனால் நாலு தடவை தோலுரித்து முடித்த புழு, கடைசி வாரத்தில் இருந்தது. அந்த நேரத்தில் அதற்கு நாளைக்கு நாலைந்து தடவை தழை போட வேண்டும். இரண்டு நாள் போடாமல் விட்டால் அவ்வளவுதான். பதினோரு வீட்டிலும் தட்டுத் தட்டாகச் செத்துக் கிடந்தது. நாச்சம்மாள் அன்றைக்கு அழைத்துப் பேசியதை, அவன் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால், துணி மடித்துக்கொண்டே நானும் கேட்டேன். கோபமாகப் பேசவில்லை, அதுதான் அவனைக் கொன்றுவிட்டது.

“கண்ணு, உன்ற மேல எனக்குக் கோவமில்ல. நீ பயந்துதான் சொல்றே. ஆனா இந்த நாத்தத்த வந்து பாத்தீன்னா தெரியும், குழி தோண்டி அள்ளிக் கொட்டறோம். ராமக்காள் நேத்துலருந்து என்கிட்டப் பேசறதில்ல. இனிமேட்டு அம்பதுக்கும் அறுவதுக்கும் சொல்லாத சாமி. அளந்து பாத்து, லச்சம்னா மட்டும் சொல்லு.”

சரிங்கக்கா என்றான். அதற்குப் பிறகு மூன்று தடவை சேதி வந்தது. ஐம்பது, நாற்பத்தைந்து, அறுபத்திரண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு மணி, இரண்டு மணி கழித்து இன்னொரு சேதி வரும், எண் குறைந்திருக்கும். திறப்பைக் குறைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவன் யாருக்கும் போன் போடவில்லை. திட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாச்சம்மாள் சந்தோஷப்பட்டு, புழு நல்ல வாளிப்பாக வருகிறது, கூடு வைத்து விற்றதும் சொர்ணலதாவை ஒரு நடை வந்துபோகச் சொல்லு என்று சொல்லி அனுப்பினாள். ஆள் தேறிவிட்டான் என்று நான்கூடக் கிண்டல் பண்ணினேன். பெரிய இன்ஜினியர் ஆகிவிட்டாய், அணைச் சாவியை உன் கையிலேயே கொடுத்துவிடலாம் என்றேன். என் வாயில் அன்றைக்கு ஏதாவது விழுந்து தொலைத்திருக்கலாம்.

அன்றைக்கு ஆடி பதினொன்றோ பன்னிரண்டோ. மைசூரில் சாரல் விட்டு இரண்டு நாளாக நல்ல வெயில். மழையெல்லாம் மேலே, குடகிலும் வயநாட்டிலும் கொட்டிக்கொண்டிருந்தது. நமக்கென்ன தெரியும்? வெயில் அடிக்கும்போதே வெளிச்சுவருக்கு ப்ரைமர் அடித்து முடித்துவிட வேண்டும் என்று மேஸ்திரி மஞ்சுநாத் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தான். பத்தரை மணி வாக்கில் மூன்றாம் மாடிச் சாரத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. சுப்பையா ரோலரை வாளியில் போட்டுவிட்டு ஒரு கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு எடுத்தான், அமுக்கினான், எடுத்தான், அமுக்கினான். மஞ்சுநாத் கன்னடத்தில் அவன் பரம்பரையையே இழுத்தான். பதினோரு மணி தாண்டி, பன்னிரண்டு அடிக்கப் போகிற நேரத்தில் மறுபடியும் பதினோரு தடவை. அமுக்கினான், அமுக்கினான், அமுக்கினான்.

மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் அந்த மரத்தடியில்தான் சாப்பிடுவோம். சொர்ணலதா அதே தெருவில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவாள். அன்றைக்கு ராகிக்களியும் கொள்ளுச்சாறும். சுப்பையா கையிலிருந்த ப்ரைமரை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டே சொன்னான், முதலில் எழுபது என்று வந்தது, இப்போது ஐம்பத்தைந்து என்கிறது என்று. இதுவரைக்கும் எழுபது வந்ததே இல்லை. அவன் முகம் சரியாக இல்லை. உருண்டையைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

எதற்கும் மாமாவுக்கு ஒரு வார்த்தை போட்டு வைத்துவிடலாமே என்றாள் சொர்ணலதா. அவள் சொன்னாள். அதை நான் மறுக்க முடியாது. அதற்கு நான் சொன்னதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

“எழுவது அம்பத்தஞ்சாயிருச்சுன்னா எறங்குதுன்னு அர்த்தம்மா. எறங்கற தண்ணிக்கு எதுக்குப் போனு? மறுபடியும் அந்தச் சனம் புழுவ உட்டுட்டுக் கரையேறணும், இவன் வாங்கிக் கட்டிக்கணும். பேசாமத் தின்னுங்கப்பா.”

நான் கொள்ளேகால் பக்கத்துக் கௌதள்ளிக்காரன். ஆற்றை எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. இஸ்திரி போடுகிறவனுக்கு அணையைப் பற்றி என்ன தெரியும் என்று அவனும் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு உருண்டையை விழுங்கினான்.

இன்னும் தட்டைக் கழுவவில்லை, கரியப்பனே அழைத்தார். ஆணியிலிருந்து பேசுகிறார் என்பது குரல் விட்டு விட்டு வருவதிலேயே தெரிந்தது. புழு பழுத்துவிட்டது, நாளைக்கோ மறுநாளோ கூடு கட்ட ஏறிவிடும். கூடு கட்ட விடுகிற மூங்கில் தட்டிகள் நாலு ஒடிந்து கிடக்கின்றன, கரைக்குப் போய் இரவல் வாங்கிவர வேண்டும். தண்ணீர் சிவந்து வருகிறதே, உனக்குச் சேதி ஏதாவது வந்ததா என்று கேட்டார்.

“வந்துதுங்க மாமா. காலைல எழுவது சொன்னாங்க, இப்ப அம்பத்தஞ்சுக்கு வந்துருச்சு. எறங்கிருச்சுங்க. நீங்க தைரியமாப் போயிட்டு வாங்க. அக்காவ வெசனப்பட வேண்டாம்னு சொல்லுங்க.”

சரி மாப்ளே என்று வைத்துவிட்டார். சுப்பையா சாரத்தில் ஏறினான். நான் கரியைக் கிளறிவிட்டு ஒரு பேங்க்காரர் வீட்டுச் சட்டைகளை எடுத்தேன். அன்றைக்கு இருபத்தெட்டு சட்டை போட்டேன். நல்ல வெயில்.

மறுநாள் விடிகிற நேரத்துக்கு ஈச்சந்திட்டுக்குள் தண்ணீர் வந்தது. கரைக்குப் போன கரியப்பன் தட்டி கிடைக்க இருட்டிவிட்டது என்று அங்கேயே சொந்தத்தில் ஒரு ஒரம்பரை வீட்டில் தங்கிவிட்டார். எழுந்து வந்து பார்த்தால் பரிசல் கட்டியிருந்த இடமே இல்லை. இடுப்பளவு, மார்பளவு என்று அவர் கண்ணுக்கு எதிரேயே ஏறியிருக்கிறது. அவர் தண்ணீரில் இறங்கப் போனதையும் நாலு பேர் பிடித்து வைத்ததையும் பிற்பாடு கேட்டோம். பத்து வீட்டுக்காரர்களும் மேட்டிலிருக்கிற கோயில் கூரையில் ஏறிவிட்டார்கள். மீட்புப் படகு வந்து மத்தியானத்துக்குள் அத்தனை பேரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. நாச்சம்மாள் மட்டும் இல்லை. மூன்றாம் நாள், நாலு மைலுக்குக் கீழே ஒரு மூங்கில் புதரில் கிடைத்தாள்.

நாங்கள் கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது ராமக்காள்தான் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி. ஆனியில் பேசாமல் இருந்தவள்.

“நான் கையப் புடிச்சு இழுத்தேன் தம்பி. வாசல்ல தண்ணி நிக்குது. அவ கீழ இருக்கற புழுத்தட்ட எடுத்து மேல அடுக்கிக்கிட்டே இருக்கா. நீ போக்கா, நான் இத அடுக்கிப்போட்டு வர்றேன், இது எறங்கிரும், பெருசா வர்றதா இருந்தா என்ற தம்பி சொல்லாம இருப்பானான்னா. ரெண்டு தடவை கூப்புட்டேன். ரெண்டு தடவையும் அதேதான் சொன்னா.”

குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். சுப்பையா கேட்டுக்கொண்டு நின்றான். சொர்ணலதா சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

எட்டாம் நாள் மறுபடியும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். திட்டுக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். பெரிய அண்டாவில் சாப்பாடு வெந்துகொண்டிருந்தது, நனைந்த பாய்களைக் கம்பியில் போட்டுக் காயவைத்திருந்தார்கள். கரியப்பன் மொட்டையடித்துத் துண்டு போர்த்தி ஒரு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். ஸ்வாதி வந்திருந்தாள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது. எங்களுக்குச் சேதியே வரவில்லை என்று ஒருவர் சத்தம் போட, அவள் டேப்லெட்டை எடுத்துக் காட்டினாள். பதினோரு வீடும் பச்சையாக இருந்தது.

“வந்திருக்குங்க மாமா. இருபத்திரெண்டு கால் ஹோகிதே, போயிருக்கு. எல்லாத்துக்கும் ஒன்னு அமுக்கியிருக்காங்க. மேல இருக்கறவங்களும் இத நோடிட்டுத்தான் திட்டுக்கு ஆள் அனுப்பல. எல்லாம் பச்சைனா, ஜனம் கிளம்பிட்டாங்கன்னு அர்த்தம்.”

எல்லாரும் சுப்பையாவைப் பார்த்தார்கள். அவன், எழுபது வந்தது, பிறகு ஐம்பத்தைந்தாகக் குறைந்தது என்று ஆரம்பித்தான். ஸ்வாதிக்குப் புரியவில்லை. குறையவே இல்லையே என்றாள். பிறகு அந்த இரண்டு சேதியையும் சத்தமாகப் போட்டுக் காட்டினாள். கன்னடத்தில் ஒரு பெண் குரல், எழுபதாயிரம் கன அடி என்று எடுத்ததும் சொன்னது. அதற்குப் பிறகுதான், கே.ஆர்.எஸ். அணையிலிருந்து என்றது. இரண்டாவதைப் போட்டாள். ஐம்பத்தைந்தாயிரம் கன அடி. அதற்குப் பிறகு, கபினி அணையிலிருந்து. இரண்டு ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து வருவதால் உடனே மேட்டுக்குப் போய்விடவும் என்று அந்தக் குரல் நிதானமாக, மரியாதையாகச் சொல்லி முடித்தது.

இதுவரைக்கும் அவனுக்கு வந்ததெல்லாம் ஒரே அணையின் சேதி. இரண்டும் ஒரே நாளில் திறந்து அவன் பார்த்ததில்லை. எண்ணுக்குப் பின்னால் என்ன சொல்கிறது என்பதை இருபத்திரண்டு தடவையில் ஒரு தடவைகூட அவன் கேட்கவில்லை. எழுபதும் ஐம்பத்தைந்தும் எத்தனை என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லிவிடும். அந்த வெராந்தாவில் இருந்த அத்தனை பேரும் மனசுக்குள் அதைக் கூட்டிப் பார்த்தார்கள். நானும் கூட்டினேன்.

யாராவது அவனை அடித்திருக்கலாம். ஒருத்தரும் கையை ஓங்கவில்லை. எண்ணை முன்னால் சொல்லச் சொன்னவர்களும் அவர்கள்தான், லட்சம் என்றால் மட்டும் சொல்லு என்றவர்களும் அவர்கள்தான். அதனாலேயே என்று நினைக்கிறேன். கடைசியில் கரியப்பன்தான் தலையைத் தூக்கினார். திட்டவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

“மாப்ளே. நீ ஒருத்தனா முடிவு பண்ணுனயா? ஆரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டயா?”

நான் சுப்பையாவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். சொர்ணலதா என்னைத் தலை நிமிர்ந்து பார்த்தாள். இதோ சொல்லிவிடுகிறேன், இதோ, என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

“இல்லைங்க மாமா,” என்றான் சுப்பையா. “ஆரையும் கேக்கலைங்க. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்.”

கரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஸ்வாதி நம்பர்களைத் திரும்ப எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரராக எழுந்து போனார்கள். ஒருவர் ஓசூரில் இருக்கிற மருமகன் நம்பரைக் கொடுத்தார். ஒருவர் கரையிலிருக்கிற டீக்கடைக்காரர் நம்பர். ராமக்காள் நம்பர் எதுவும் நினைவில்லாமல், ஸ்வாதி கையையே பிடித்துக்கொண்டு உன் நம்பரைப் போட்டுக்கொள் தாயி என்றாள். சுப்பையாவின் நம்பரை ஒருவரும் சொல்லவில்லை, அவன் பக்கம் திரும்பவும் இல்லை. அவன் அந்த இடத்திலேயே, கையைக் கட்டிக்கொண்டு, பத்து வீடு முடிகிறவரைக்கும் நின்றான். கரியப்பனிடம் அவள் வந்தபோது, என்ற ஊட்ட அடிச்சுருங்க அம்மணி, அங்க இனி ஆரும் குடியில்லை என்றார்.

பொழுதோடு பஸ் ஏறினோம். சொர்ணலதா முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். ஏறினதிலிருந்து அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவனும் பின்னால் இருந்தோம். திருமகூடலுப் பாலத்தில் பஸ் ஏறியபோது இரண்டு பக்கமும் தண்ணீர் இன்னும் சிவப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சுப்பையா அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பிப்போய் கரியப்பன் காலில் விழுந்து சொல்லிவிட வேண்டும், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட வேண்டும் என்று நான் மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தேன். இரண்டு நிறுத்தம் போய்விட்டது. மூன்றாவதில், சுப்பையா, நான் அங்கே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன் என்று வாயைத் திறந்தேவிட்டேன்.

அவன் என் முழங்கால் மேல் கையை வைத்தான். விரல் நகத்தில் அந்த வெள்ளை ப்ரைமர் போகாமல் இருந்தது.

“வேண்டாங்கண்ணா. மாமாவுக்கு இன்னொரு ஆளையும் சேத்து வெறுக்கறதுக்கு இனி சீவன் இல்லை. நான் ஒருத்தன் போதும்.”

நான் சரி என்று தலையை ஆட்டினேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.